சின்ன இயர்போனில் கேட்கிற தவில் தொப்பி, பெரிய ஹெட்போனில் ஏன் காணோம்?

கெடிலக்கரை:
வணக்கம். வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரியில். ரெண்டு வருஷமா தவில் கத்துக்கிறேன். வாத்தியார் வாசிக்கிறதைச் சின்ன ரெக்கார்டரில் பதிஞ்சு வச்சுக்குவேன், பஸ்ஸில் போக வர அதைத்தான் கேட்பேன். வலந்தலையில் விரல் விழறது எதில் போட்டாலும் தெளிவா கேட்கும். எனக்கு வேண்டியது தொப்பி, குச்சியால் அடிக்கிற அந்தப் பக்கம். குச்சி விழுந்ததும் எழும்புற அந்த 'தொம்' எப்ப அடங்குது, அடுத்த அடி எங்கே வந்து சேருது, அங்கேதான் நான் தப்பு பண்றேன்.

காதுக்குள் செருகுற 10 மி.மீ. இயர்போனில் அது நல்லாவே கேட்குது. வீட்டில் உட்கார்ந்து கேட்கலாமேன்னு போன மாசம் காதை முழுசா மூடுற 40 மி.மீ. ஹெட்போன் வாங்கினேன். அதில் தொப்பியே மெலிஞ்சு போச்சு, யாரோ பக்கத்து அறையில் பலகையைத் தட்டுற மாதிரி. பெருசில்தானே பேஸ் அதிகம் வரணும்? மாத்திடலாமா?

வில்லியனூர் மைக்செட்:
தம்பி, மாத்தாதீங்க. கண்ணாடி போடுவீங்களா?

மைக்செட் வேலையில் நான் பார்த்தவரை, வெட்டவெளியில் பேஸ் வேணும்னா பெரிய கோன்தான், ஏகப்பட்ட காத்தைத் தள்ளணும். காதில் கணக்கே வேற. இயர்போன் ரப்பர் இறுக்கமா உட்கார்ந்தா, அதுக்கும் செவிப்பறைக்கும் நடுவில் அடைபடுற காத்து ரொம்பக் கொஞ்சம். அதை அழுத்த 10 மி.மீ. சவ்வு மயிரிழை அசைஞ்சாலே போதும். பெரிய ஹெட்போனில் குஷனுக்குள் நிக்கிற காத்து பல மடங்கு. 40 மி.மீ. சவ்வு அதையும் அழுத்திடும், ஆனா எங்கேயும் ஒழுகக் கூடாது. கண்ணாடிக் காம்பு குஷனைத் தூக்கினாலே இடுக்கு விழும், அதுக்குத்தான் கேட்டேன்.

வாஷர் தேஞ்ச சைக்கிள் பம்பை நினைச்சுக்கோங்க. மெதுவா அழுத்தினா காத்து பக்கவாட்டில் போயிடும், சட்டுன்னு குத்தினா கொஞ்சம் டயருக்குள் ஏறும். 50 ஹெர்ட்ஸ்ங்கிற கீழ்ச் சுருதிச் சத்தம் ஒரு தடவை போய்த் திரும்ப 20 மில்லிசெகண்ட் எடுக்குது, இடுக்கு வழியா ஒழுக அது தாராளம். மேல் சுருதியில், 5000 ஹெர்ட்ஸுக்கு 0.2 மில்லிசெகண்ட்தான். அதனாலதான் விரலடி தப்பிச்சுது, தொப்பி போச்சு.

இன்னொண்ணு, ஹெட்போன் வெளிப்பக்கம் வலைபோட்டுத் திறந்திருந்தா அது ஓப்பன் பேக். அதில் அடிமட்ட பேஸ் பொதுவாவே குறைச்சல்தான்.

தேவனாம்பட்டினம்:
ஈக்வலைசரில் பேஸை 6 டெசிபல் ஏத்திப் பாருங்க, எனக்கு அதிலேயே சரியாச்சு.

வில்லியனூர் மைக்செட்:
ஒழுகுற குடத்துக்குக் குழாயைப் பெருசா திறக்கிற வேலை அது. 6 டெசிபல்னா அந்த இடத்தில் நாலு மடங்கு பவர். சவ்வு எல்லை தாண்டினா தொப்பி கரகரக்கும். அவர் அந்த அடி எப்படி அடங்குதுன்னு கேட்கணும், அதுவே கெட்டுப் போயிடும். முதலில் ஓட்டையை அடைக்கலாம்.

கெடிலக்கரை:
அண்ணா, கண்ணாடி போடுவேன், தடிச்ச பிளாஸ்டிக் பிரேம். வலை எதுவும் இல்லை, மூடின ஹெட்போன்தான். நேத்து ராத்திரி கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேட்டேன். பாதி திரும்பி வந்துச்சு. உள்ளங்கையால் ரெண்டு பக்கமும் லேசா அமுக்கினேன், முழுசா வந்துடுச்சு! நிலைக்கண்ணாடி முன்னாடி நின்னு பார்த்தா, காது மடலுக்குக் கீழே, தாடை திரும்புற இடத்தில், குஷன் தோலைத் தொடவே இல்லை. விரல் நுனி உள்ளே போகுது.

ஒரு வித்தியாசம் கவனிச்சேன். இயர்போனில் தொப்பி தலைக்கு நடுவில் கேட்கும். இதில், அமுக்கிப் பிடிச்சா, தவில் காதுக்குக் கொஞ்சம் வெளியே இருக்கிற மாதிரி இருக்கு. ஆனா வாத்தியார் எதிரில் உட்கார்ந்தா நெஞ்சில் வந்து மோதுமே, அது ரெண்டிலும் இல்லை.

வில்லியனூர் மைக்செட்:
வெளியே கேட்கிறதுக்குக் காரணம், சத்தம் உங்க காது மடலைத் தொட்டு உள்ளே போகுது. இயர்போன் அந்த மடலைத் தாண்டிப் போயிடுது. நெஞ்சில் மோதுறது காத்தும் தரையும் உடம்பை ஆட்டுறது, அதை எந்த ஹெட்போனும் தராது, வாத்தியார் எதிரில்தான் கிடைக்கும்.

இன்னும் தடிமனா, மெத்துன்னு இருக்கிற ரெக்சின் குஷன் அதே அளவில் கிடைக்குதான்னு கேட்டுப் பாருங்க. துணிக் குஷன் வேண்டாம், அது வழியாவும் காத்து போகும். வாங்குறப்ப கண்ணாடியைப் போட்டுக்கிட்டே மாட்டிப் பாருங்க. பஸ்ஸுக்கு இயர்போனே இருக்கட்டும். இன்ஜின் உறுமல் தொப்பி இருக்கிற அதே கீழ்ச் சுருதியில்தான் வரும். ரப்பர் அதைக் கொஞ்சம் தடுக்கிறதால வால்யூம் ஏத்தாமலே கேட்கலாம். தவில்காரருக்குக் காது முக்கியம் தம்பி.

கெடிலக்கரை:
சரிண்ணா. ஞாயித்துக்கிழமை ரெக்கார்டரையும் எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போறேன்.