மறியாட்டைப் பேனையால் கீறுவது எப்படி? தெலக்ருவாவின் சிங்கங்களைப் பார்த்து ஒரு கேள்வி

கோண்டாவில் கீறல்:
எங்கள் வளவில் ஒரு மறியாடு நிற்கிறது. இரண்டு மாதமாக அதைக் கீறிப் பார்க்கிறேன். பென்சிலில் ஓரளவு வடிவாக வருகிறது. மைப் பேனையை எடுத்தால் மட்டும் ஆடு கம்பியில் வளைத்த பொம்மை மாதிரி ஆகிவிடுகிறது. வெளிக்கோட்டைக் கீறி முடித்து, பிறகு உள்ளே மயிரை நிரப்புகிறேன். நிரப்ப நிரப்ப உயிர் போகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் யூஜின் தெலக்ருவாவின் பேனைச் சிங்கங்களைப் போனில் பெருப்பித்துப் பார்த்தேன். மயிர் என்று தனியாக ஒன்றும் இல்லை. பிடரியில் கொஞ்சம் வளைகோடு. தோளில் ஒரே வளைவை மூன்று நாலு தரம் கீறியிருக்கிறார், பிழைத்த கோடு அப்படியே கிடக்கிறது. ஆனாலும் அது மூச்சு விடுகிற சிங்கம். எப்படி?

இன்னொன்று, கொப்பித் தாளில் மை ஊறிப் பரவுகிறது. அவர்களுடைய தாளில் ஏன் பரவவில்லை?

பழைய சித்திர வாத்தியார்:
பிள்ளை, வெளிக்கோட்டில் தொடங்குவதுதான் கோளாறு. நெஞ்சு ஒரு முட்டை, வயிறு ஒரு முட்டை, பின்தொடை ஒரு முட்டை. முதலில் அந்த மூன்றும் ஒன்றையொன்று எப்படித் தள்ளிக்கொண்டு நிற்கின்றன என்று பாருங்கோ. தோளில் திரும்பத் திரும்ப விழுந்த கோடுகள் அந்த உருண்டையைத் தேடிப் போன கோடுகள்தான்.

தெலக்ருவாவும் சிற்பி பரீயும் பாரிசின் தாவரத் தோட்டத்துக்குப் போய் வந்தவர்கள். 1794 முதல் அங்கே ஒரு விலங்குச் சாலை இருக்கிறது. உயிரோடு நின்ற விலங்குகளை மட்டுமல்ல, செத்த சிங்கத்தையும் இருவரும் பக்கத்தில் நின்று பார்த்துக் கீறினார்கள். எந்த எலும்பு எங்கே தோலைத் தூக்குகிறது என்று கைக்குத் தெரிந்தபிறகுதான் பேனையைத் தயங்காமல் இழுக்கலாம். 1854இல் பரீ அங்கேயே விலங்குச் சித்திரம் படிப்பிக்கத் தொடங்கினார். பின்னாளில் பெரிய சிற்பியான ரொதான் இளவயதில் அவரிடம் படித்தவர்.

உங்கள் ஆடு அசைபோடும் நேரம் பாருங்கோ. கால்களை மடக்கிக் கிடந்தால் கனநேரம் அசையாது. எழும்பிவிட்டால் அதே தாளில் பக்கத்தில் இன்னொன்றைத் தொடங்குங்கோ. திரும்பவும் பழையபடி படுத்தால் முதலாவதுக்குத் திரும்பலாம். ஒரு தாளில் ஆறு அரைகுறை ஆடு கிடந்தால் அது நல்ல நாள். போட்டோவைப் பார்த்துக் கீறுவதை மட்டும் விட்டுவிடுங்கோ, அதில் வயிறு ஏறி இறங்காது.

குருநகர் மைக்கூடு:
தாளுக்குப் பதில் சொல்கிறேன். அந்தக் காலத்தில் பழந்துணிக் கூழில் தாள் செய்து, தோலும் எலும்பும் காய்ச்சிய பசையில் தோய்த்தெடுப்பார்கள். அதனால் மை மேலேயே நிற்கும். நான் சோற்றுக் கஞ்சியை நன்றாக வடித்து, தண்ணீர் விட்டு இளக்கி, தூரிகையால் ஒரு பூச்சு பூசிக் காயவைக்கிறேன். தாள் கொஞ்சம் சுருளும், பாரம் வைத்தால் சரி.

அந்தச் சித்திரங்கள் மண்ணிறமாக இருப்பதைப் பார்த்து மண்ணிற மை வாங்கிவிடாதீர்கள். பலவற்றில் அது ஓக் மரத்தில் திரளும் மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்த்துச் செய்த கறுப்பு மை, காலம் போகப் பழுத்திருக்கிறது. பிறப்பிலேயே மண்ணிறமானது செப்பியா. அது வேறொன்றுமில்லை, எங்கள் சந்தையில் கழுவி ஊற்றுகிற கணவாய் மைதான்! நான் ஒருதரம் பையைக் கிழிக்காமல் எடுத்துக் காயவைத்து அரைத்துப் பார்த்தேன். மணம் நாலு நாள் குசினியை விட்டுப் போகவில்லை, ஆனால் அந்த நிறத்தைக் கடையில் நான் கண்டதில்லை.

கோண்டாவில் கீறல்:
ஐயா, நேற்றுப் பின்னேரம் வேப்பமரத்தடியில் ஒரு மணித்தியாலம் இருந்தேன். கஞ்சி பூசிய தாளில் மை பரவவில்லை. ஐந்து ஆடு தொடங்கினேன், ஒன்றும் முடியவில்லை. மூன்றாவதில் கால் இல்லை, முகம் இல்லை. முன்தோளில் இருந்து வயிற்றுக்கு இறங்குகிற ஒரு கோடு மட்டும் இருக்கிறது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "சினை தெரியுது" என்றா. அவ சொல்லும்வரைக்கும் ஆடு சினையென்று எனக்குத் தெரியாது.