ஒளிபரப்பு இருக்க இணையத்துக்குத் தனிச்சொல் எதற்கு?

குழுமத்தாருக்கு வணக்கம்.

> கைப்பேசியில் படம் பார்ப்பதையும் ‘ஒளிபரப்பு’ என்றே சொல்லிவிடலாமே?

ஆங்கிலத்தில் streaming எனப்படும் இதற்கு அந்தச் சொல் பொருந்தும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. இதில் ‘ஒளி’ இடிக்கவில்லை, ‘பரப்பு’தான் இடிக்கிறது. ஒளிபரப்புக்கு ஆங்கிலத்தில் உள்ள broadcast என்ற சொல் வயலிலிருந்து வந்தது. விதையைக் கையால் வீசித் தூவுவதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர், பிறகு வானொலிக்குப் போனது. தமிழில் விதையை விட்டுவிட்டுப் பரப்புவதை மட்டும் எடுத்துக்கொண்டு ஒலிபரப்பு என்றார்கள். தொலைக்காட்சிக்கு ஓர் எழுத்தை மாற்றியதும் ஒளிபரப்பு. கெட்டிக்கார வேலைதான்.

கோபுரத்திலிருந்து கிளம்பும் அலையை ஆயிரம் வீடு வாங்கினாலும் ஒரு வீடும் வாங்காவிட்டாலும் கோபுரத்துக்குக் கவலை இல்லை. அதுதான் பரப்புதல். இணையத்தில் நீங்கள் பொத்தானை அழுத்திக் கேட்டால்தான், படத்தை வைத்திருக்கும் வழங்கிக் கணினி (server) உங்களுக்கென்று அனுப்பத் தொடங்கும். பக்கத்து அறையில் மகள் அதே படத்தைத் திறந்தால் அவளுக்குத் தனியாக இன்னொரு முறை. துண்டு துண்டாக வந்து சேரச் சேரப் படம் ஓடுகிறது. இணையம் வழியாக வரும் தொலைக்காட்சியில் பலருக்கும் சேர்த்து ஒரே தடவையில் அனுப்பும் முறையும் உண்டு, அது வேறு கதை.

வேடிக்கை என்னவென்றால், இங்கே மொரீஷியசில் வீடுகளுக்கு இப்போது இணையம் வருவது கண்ணாடி இழையில். படம் உண்மையிலேயே ஒளியாகத்தான் வருகிறது, பரப்புதான் இல்லை! இணைய வானொலிப் பாட்டும் அதே இழையில் ஒளியாகவே வருகிறது.

எங்கள் ஊருக்கு இன்னொரு தொல்லை. கிரியோல் பேசி வளரும் பிள்ளைகளின் வாயில் ல, ள, ழ மூன்றும் ஒன்றுதான். 1964இல் அமைந்த எங்கள் அரசுக் கழகம் (Mauritius Broadcasting Corporation) மறு ஆண்டே தொலைக்காட்சியும் தொடங்கிவிட்டது. வானொலியும் அதன் கையில்தான். அதன் பெயரைத் தமிழில் எழுதும்போது ஒலிபரப்பா, ஒளிபரப்பா? எதை எழுதினாலும் பாதிதான் சரி. ‘ஒலி, ஒளிபரப்புக் கழகம்’ என்று நீட்டி எழுதிவிட்டுப் போகலாம், பெயர்ப்பலகை தாங்கும். புதுச்சொல்லிலும் இந்தச் சிக்கலை இழுத்துவர வேண்டாம்.

‘நேரலை’ போதும் என்பவர்களுக்கு: போன வருடப் படத்தை இன்று திறந்து பார்ப்பது எப்படி நேரலை ஆகும்? அதன் சாயலில் வந்த ‘ஓடலை’ காதுக்கு அழகு. ஆனால் “படம் ஓடலை” என்றால் தயாரிப்பாளர் மயங்கி விழுவார்.

என் முன்மொழிவு காட்சியோட்டம். பாட்டுக்கு ஒலியோட்டம். நீரோட்டம், மின்னோட்டம் இருக்கும்போது இது யாருக்கும் புதிதாகத் தெரியாது. காட்சிக்கும் ஒலிக்கும் நடுவே நாக்கும் இடறாது. “தைப்பூசக் காவடியை ஒளிபரப்பினார்கள், தளத்தில் காட்சியோட்டமாகவும் கொடுத்தார்கள்” என்று எழுதிப் பார்த்தேன், உட்காருகிறது. வினையாக்குவதுதான் கடினம். ‘காட்சியோட்டினார்கள்’ என்று எழுத எனக்கே கை வரவில்லை. இலக்கணம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.