புதுப்பிப்பு: வெள்ளவத்தையிலிருந்து வவுனியாவுக்கு

கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த வாடகை வீட்டை விட்டு, வவுனியாவில் மாமாவின் அரை ஏக்கர் காணிக்குப் போகலாமா என்று போன ஆவணியில் இங்கே கேட்டிருந்தேன். போய்விட்டோம். நான் மட்டும் வேலைக்காகக் கொழும்பில். வெள்ளி இரவுகளில் பஸ்.

"மழைக்கு முதல் வேலியை அடையுங்கோ" என்று அப்போது ஒருவர் சொன்னதைக் கேட்காதது பெரிய பிழை. ஐப்பசியில் நட்ட கத்தரி, மிளகாய்க் கன்றுகளை ஒரே இரவில் மாடுகள் தின்றுவிட்டன. மனைவி அழுதுவிட்டா. பிறகுதான் வேலிக்குக் கிளிசரியா மரத்தடிகளைக் கதியாலாக நட்டோம். தடியை ஊன்றினாலே துளிர்க்கிறது. தழையை வெட்டிப் போட்டால் நைதரசன் நிறைந்த பசளை. அருமையான மரம்! மரவள்ளியும் முருங்கையும்கூடத் தடியிலிருந்தே வந்துவிட்டன.

அரிசியும் தேங்காய் எண்ணெயும் இன்னும் கடையில்தான். முட்டை மட்டும் வாங்குவதில்லை, மகளின் கோழிகள் இருக்கின்றன. வருகிற கிழமை முதல் தடவையாக மரவள்ளிக் கிழங்கு கிண்டப் போகிறோம். அதற்கு 2 நாள் லீவு போட்டிருக்கிறேன்.