பழைய மாருதி 800: முன்பக்கச் சத்தத்துக்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

பொள்ளாச்சிக்காரன்: என்னுடையது 2004 மாடல் மாருதி 800. குழியில் இறங்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் முன்பக்கம் 'கடக்' என்கிறது. ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் உடலோடு கீழே இணைக்கும் கை), புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர்), மவுன்ட் (ஷாக் அப்சார்பரின் மேல்முனைப் பிடிப்பு) அத்தனையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். சரிதானா?

நெடுஞ்சாலை: சரிதான். எல்லா ரப்பருக்கும் ஒரே வயது. ஒன்றை மாற்றினால் அடுத்தது கிளம்பும். ஒவ்வொரு முறையும் பிரித்துப் பூட்டக் கூலி, சக்கரங்களை நேர்படுத்தும் அலைன்மென்ட் செலவு. மொத்தமாக முடித்துவிடுங்கள்.

சாவடிப்பாளையம்: இதை என்னால் ஏற்க முடியாது. பிரேக் பிடிக்கும்போது சத்தம் என்கிறார். பாதி விடை அதிலேயே இருக்கிறது. 800இல் ஸ்டெபிலைசர் பார் என்ற குறுக்குக் கம்பி, வண்டி சாய்வதைக் குறைப்பதோடு, லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமலும் பிடித்துக்கொள்கிறது. அதன் முனையிலுள்ள புஷ் தேய்ந்தால் பிரேக் பிடித்ததும் சக்கரம் பின்னுக்கு நகர்ந்து இடிக்கும். அந்தச் சிறிய ரப்பரைப் பார்க்காமல் ஷாக் அப்சார்பர் வாங்கச் சொல்வது அநியாயம்.

நெடுஞ்சாலை: லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் போயிருந்தால்? அது கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். சிக்கனம் பார்க்கும் இடமா அது?

சாவடிப்பாளையம்: இல்லை. அதனால்தான் சோதிக்கச் சொல்கிறேன். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்டைச் சந்தேகிக்கலாம். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது தெரிந்தால் டை ராட் (ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பி) முனை. பால் ஜாயின்டில் ஆட்டம் உறுதியானால் அன்றே மாற்றுங்கள், அதில் நமக்குள் வாதமே இல்லை.

நெடுஞ்சாலை: தூக்கிய வண்டியில் எல்லாம் தெரியாது. சக்கரம் தொங்கும்போது மேல் மவுன்டில் வண்டியின் பாரம் இல்லை. அங்கே நன்றாக இருப்பது சாலையில் சத்தம் போடும்.

சாவடிப்பாளையம்: நியாயமான பேச்சு. மவுன்டை வண்டி தரையில் நிற்கும்போதுதான் பார்க்க வேண்டும். பானெட்டைத் திறந்து மவுன்டின் மேல் கை வையுங்கள். இன்னொருவர் ஸ்டியரிங்கைத் திருப்பட்டும். ஸ்பிரிங் விட்டுவிட்டுத் துள்ளினால் மவுன்டோ அதன் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வழிந்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

பொள்ளாச்சிக்காரன்: நானே கழற்றலாமா?

சாவடிப்பாளையம்: ஸ்டெபிலைசர் பார் புஷ் என்றால் சரி. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டைத் தொடாதீர்கள். ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸரால் அழுத்திப் பிடிக்காமல் நடு நட்டைக் கழற்றினால் உயிருக்கே ஆபத்து.

நெடுஞ்சாலை: இதில் நானும் உடன்படுகிறேன். லோயர் ஆர்ம் மாற்ற நேர்ந்தால் அதன் புஷ் போல்டை வண்டி தரையில் நிற்கும்போது முழுதாக இறுக்கச் சொல்லுங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். அப்படிக் கிழிந்த புஷ்ஷைப் பார்த்துத்தான் பலர் உதிரிபாகத்தைக் குறை சொல்கிறார்கள். ஆனாலும் தொலைதூரம் ஓட்டுபவர் மொத்தமாக மாற்றுவதே நல்லது என்பேன்.

சாவடிப்பாளையம்: அவர் தொலைதூரம் ஓட்டுவதாகச் சொல்லவே இல்லையே. பொள்ளாச்சிக்காரரே, முதலில் பார் புஷ்ஷைப் பாருங்கள். வெடிப்போ இடைவெளியோ தெரிந்தால் படம் போடுங்கள்.