கூரை போட்ட மரப்பாலம் பார்த்தவங்க இருக்கீங்களா?

போன அக்டோபர்ல, இலை நிறம் மாறுறதைப் பார்க்கலாம்னு அம்மாவைக் கூட்டிட்டு அமெரிக்காவுல வெர்மான்ட் மாநிலத்துக்குப் போயிருந்தேன். அங்க வின்ட்சர்ங்கிற ஊர்ல ஒரு திருப்பம் திரும்பினா ரோடு நேரா ஒரு பெரிய மரக்கொட்டாய்க்குள்ள போகுது. "டேய், யாரு வீட்டு மாட்டுக்கொட்டாய்க்குள்ள வண்டியை விடுற?"ன்னு அம்மா கத்திட்டாங்க.

அதுதான் கார்னிஷ்–வின்ட்சர் பாலம். 1866-ல கட்டினது. கனெக்டிகட் ஆத்துக்கு மேல 449 அடி நீளம். இன்னும் கார் ஓடுது. உள்ள போனதும் வெளிச்சம் சட்டுனு குறைஞ்சு, சக்கரத்துக்கு அடியில பலகை கடகடங்குது. ரெண்டு பக்கமும் கனமான மரங்களைச் சாய்வா, குறுக்கும் மறுக்குமா வெட்டிப் பொருத்தியிருக்காங்க, தட்டி பின்னின மாதிரி. மொத்த எடையையும் தாங்குறது அந்தப் பின்னல்தான்.

அக்கரையில இறங்கித் திரும்பிப் பார்த்தா வாசல் மேல ஒரு பழைய பலகை: குதிரையை நடத்திக் கூட்டிப் போ, இல்லன்னா ரெண்டு டாலர் அபராதம். குதிரைங்க ஒரே தாளத்துல ஓடினா பாலம் ஆடுமாம்.

கூரை எதுக்குன்னு அம்மா கேட்டாங்க. பனிக்காக இருக்கும்னு அடிச்சுவிட்டேன். அவங்களே கொஞ்சம் யோசிச்சு, "மேல சன்ஷேட் இல்லன்னா வாசக்கதவு என்ன ஆகும்? அதான்"னாங்க. வீட்டுக்கு வந்து படிச்சா அவங்க சொன்னதுதான் சரி. அந்தப் பின்னல் நனைஞ்சு மக்காம இருக்கத்தான் கூரை. பனிக்காலத்துல, சறுக்குவண்டி போறதுக்காக பாலத்துக்குள்ள பனியை அள்ளிக் கொட்டுவாங்களாம்!

ஆத்தங்கரையான்: அம்மா சூப்பர் ப்ரோ. ஆனா வெள்ளம் வந்தா கூரை என்ன செய்யும்? அதே வெர்மான்ட்ல பார்ட்டன்ஸ்வில் பாலம், 1870-ல கட்டினது, 2011 ஆகஸ்ட்ல ஐரீன் புயல் வெள்ளத்துல அப்படியே போயிடுச்சு. ஊர்க்காரங்க விடாம மறுபடி மரத்துலயே கட்டி 2013-ல திறந்தாங்க. நான் பார்த்தப்போ மரம் இன்னும் வெளுப்பா, புதுசா இருந்துச்சு. உள்ள அறுத்த மர வாசனை.

பதிவிட்டவர்: உண்மைதான் ப்ரோ. இங்கயும் முன்னாடி இருந்த மூணு பாலம் ஆத்தோட போனதுதான். ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். ஆறு வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர்னு ரெண்டு மாநிலத்துக்கும் நடுவுல ஓடுது, ஆனா எல்லைக்கோடு வெர்மான்ட் கரையோரம். அதனால பாலம் கிட்டத்தட்ட முழுசும் நியூ ஹாம்ப்ஷயருக்குத்தான். 1943 வரைக்கும் சுங்கம் வேற வாங்கியிருக்காங்க. இதைச் சொன்னதும் அம்மா, "அப்ப வெர்மான்ட்காரன் அடுத்தவன் பாலத்துக்கா காசு கட்டினான்?"னாங்க.