சீப்ரைட் சேவலின் வாலில் அரிவாள் இறகு வேண்டுமா?

கொண்டைப்பூ: சீப்ரைட் என்னும் சிறு கோழியினத்தில் பெட்டையைப் போல இறகு கொண்ட சேவலுக்கு ஆண்மை குறைவு என்றும், வாலில் அரிவாள் இறகு, அதாவது மற்ற இனச் சேவல்களுக்கு இருக்கும் நீண்டு வளைந்த இறகு, குறைந்தது இரண்டு உள்ள சேவலையே பெட்டைகளோடு விட வேண்டும் என்றும் நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்து எரிச்சலடைந்தேன். இந்த இனச் சேவல்களைக் காயடித்துப் பார்த்த மரபியல் அறிஞர் மார்கன், 1919இல் முடிவை வெளியிட்டார்: விரையை எடுத்த பிறகுதான் கூரிய, நீண்ட சேவல் இறகு முளைத்தது. விரை இருந்தவரை பெட்டை இறகு. இதில் ஆண்மைக் குறைவு எங்கே வந்தது?

பழையபண்ணை: அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். மார்கன் ஆராய்ச்சிக்குப் பழ ஈ வளர்த்தவர், நான் கோழி வளர்ப்பவன். அரிவாள் இறகுச் சேவலை விட்ட பருவங்களில் என்னிடம் கூமுட்டை குறைவு.

கொண்டைப்பூ: ஈ வளர்த்தவருக்கு 1933இல் நோபல் பரிசு கிடைத்தது, தங்களுக்குக் கிடைத்த விருதையும் சொல்லுங்கள். விரையில் சுரக்கும் ஆண் ஹார்மோனை இந்தச் சேவல்களின் தோலில் உள்ள அரோமடேஸ் என்னும் நொதி அங்கேயே பெண் ஹார்மோனாக மாற்றிவிடுவதால்தான் இறகு பெட்டையினுடையதாகிறது. காயடித்தால் மாற்றுவதற்குச் சரக்கே இல்லை. குறை ஆண்மையில் இல்லை, வேறுபாடு தோலில் இருக்கிறது. மேலும், ஒவ்வோர் இறகையும் சுற்றிக் கருங்கரை ஓடுவதுதான் இந்த இனத்தின் அழகு. கழுத்திலும் இடுப்பிலும் கூரிய இறகு தொங்கினால் அந்தக் கரை எப்படி நிற்கும்? அரிவாள் இறகைத் தேடுபவர் வேறு இனம் வளர்க்கலாம்.

அடைக்கோழி: சேவலின் வாலையே இருவரும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். சேவலுக்குப் பெட்டை இறகு தரும் இக்கூறு பெட்டை வழியாகவும் இறங்குகிறது. ஆனால் பெட்டையைப் பார்த்து அறிய முடியாது, அதன் மகன்களுக்கு இறகு முளைத்த பிறகே தெரியும். வேற்றினப் பெட்டையோடு சேர்த்தாலும் முதல் தலைமுறைச் சேவல்கள் பெட்டை இறகோடுதான் வரும். தாய்க்கோழிகளை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று யாராவது சொல்வீர்களா?

பழையபண்ணை: அது பிறகு. கொண்டைப்பூ அவர்களே, சென்ற ஆண்டு தாங்கள் விற்ற 12 முட்டைகளில் 3 மட்டுமே பொரித்தன. அந்தச் சேவலின் வாலில் அரிவாள் இறகு இருந்ததா, இல்லையா?

கொண்டைப்பூ: முட்டையைப் பேருந்தில் மடியில் வைத்துக் குலுக்கிக்கொண்டு போனவர் சேவலின் வாலைக் குறை சொல்கிறார்! நெருங்கிய உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்த்தால் எந்த இனத்திலும் பொரிப்பு குறையும். தாங்கள் 20 ஆண்டுகளாக வெளியிலிருந்து ஒரு பறவையும் வாங்காததைப் பெருமையாக எழுதியது எனக்கு நினைவிருக்கிறது. மீண்டும் சொல்கிறேன்: காயடித்தால்தான் சேவல் இறகு வந்தது.

பழையபண்ணை: கேட்டதற்குப் பதில் இல்லை. இருந்ததா, இல்லையா?

கொண்டைப்பூ: இல்லை, இருக்கவும் கூடாது. அடுத்த முறை முட்டை கேட்டு வராதீர்கள்.

அடைக்கோழி: தாய்க்கோழியைப் பற்றிக் கேட்டிருந்தேன்.

பழையபண்ணை: 12இல் 3.