‘ஹெட்’டுக்குத் தமிழ்: நீர்ச்சுமையா, நீருயரமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மேல்மாடிக் குழாயில் தண்ணீர் ஏன் நூலாக வருகிறது என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது வரியிலேயே ‘ஹெட்’டில் மாட்டிக்கொண்டேன். பம்ப்பின் மேல் ‘ஹெட் 20 மீட்டர்’ என்று போட்டிருக்குமே, அதுதான்; தண்ணீரின் அழுத்தத்தை மீட்டர் உயரமாகச் சொல்லும் அளவு. போன வாரம் இந்தக் குழுவில் அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டதற்குத் ‘தலை’, ‘நீர்ச்சுமை’, ‘அழுத்த உயரம்’ என்று மூன்று வந்தன.

‘தலை’ வேண்டாம். தலைமடை என்றால் நமக்கு ஓர் இடம். ஹெட் ஓர் அளவு.

‘நீர்ச்சுமை’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. காரணம் சொல்கிறேன். எங்களுடையது சென்னையில் தரைத்தளமும் மூன்று மாடியும் உள்ள கட்டடம். மூன்றாம் மாடிக்காரர்கள் ஷவரே வரவில்லை என்று புலம்ப, சங்கக் கூட்டத்தில் ஒருவர், “தொட்டி பெரிசா இருந்தா வெயிட் ஜாஸ்தி, ஃபோர்ஸ் தானா வரும்” என்றார். எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான். 5,000 லிட்டர் தொட்டியை எடுத்துவிட்டு அதே மேடையில் அதே உயரத்துக்கு 10,000 லிட்டர் தொட்டி வைத்தோம். ஷவர் அப்படியே அழுதுகொண்டிருந்தது. அகலம் கூடினால் எடை கூடும், அழுத்தம் கூடாது. குழாய்க்கு நேர் மேலே தண்ணீர் எத்தனை மீட்டர் நிற்கிறது என்பதுதான் கணக்கு. சுமை என்று பெயர் வைத்தால் அடுத்த சங்கமும் பெரிய தொட்டிதான் வாங்கும்.

கணக்கும் எளிது. பத்து மீட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம், பிளம்பர்கள் சொல்லும் ‘ஒரு கிலோ’. தொட்டியின் அடி, மொட்டை மாடித் தளத்திலிருந்து ஒன்றரை மீட்டர் மேலே. மூன்றாம் மாடி ஷவர் அந்தத் தளத்துக்கு ஒரு மீட்டர் கீழே. ஆகத் தொட்டி காலியாகும் நேரத்தில் இரண்டரை மீட்டர், அதாவது கால் கிலோ. தரைத்தள வீட்டுக்கு இன்னும் ஒன்பது மீட்டர் சேர்ந்து ஒரு கிலோவுக்கு மேல். வாய்க்காலில் மதகுக்குப் பக்கத்து வயலுக்குத்தான் கொண்டாட்டம். இங்கே தொட்டிக்கு அடியிலேயே குடியிருப்பவர்தான் கடைமடை விவசாயி!

‘அழுத்த உயரம்’ தவறில்லை. ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. ஓடும் தண்ணீரின் கணக்கான பெர்னூலி சமன்பாட்டில் நிலையுயரம், அழுத்த உயரம், வேக உயரம் என மூன்றும் சேர்ந்ததுதான் மொத்த ஹெட். பகுதியின் பெயரை முழுமைக்கும் வைத்தால் குழம்பிவிடும். அதனால் பொதுப்பெயராக ‘நீருயரம்’ என்கிறேன். குழாய் உராய்வில் போவது ‘நீருயர இழப்பு’. இந்த இழப்பையும் லேசாக நினைக்கக் கூடாது. அதே அளவு தண்ணீர் பாதி விட்டக் குழாயில் போனால் இழப்பு ஏறத்தாழ 32 மடங்கு. ஒரு அங்குலக் குழாயைப் பாதியில் அரை அங்குலமாக்கும் புண்ணியவான்கள் எல்லாக் கட்டடத்திலும் இருக்கிறார்கள்.

அடுத்து, குழாயில் அழுத்தத்தைக் கூட்ட வைக்கும் பூஸ்டர் பம்ப். ‘ஊக்கி’ என்றால் வேதியியல் வகுப்பு நினைவுக்கு வருகிறது. நீரேற்று நிலையம், கழிவுநீர் உந்து நிலையம் இரண்டும் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவை. மாடியில் வைக்கும் பம்ப் தண்ணீரை ஏற்றுவதில்லை, அது ஏற்கெனவே மேலே இருக்கிறது. உந்துகிறது, அவ்வளவுதான். ‘உந்தி’ என்று சுருக்கலாம் என்றால் அகராதி தொப்புளைக் காட்டுகிறது. ‘உந்துபம்பு’ சரிவருமா?

*

ஐயா, வணக்கம்.

சுமை பற்றிச் சொன்னது சரி. நீருயரத்தில் எனக்கு ஓர் இடறல். மேட்டூரில் நீர்மட்டம் 120 அடி என்று தினமும் செய்தி படிப்பவர்கள் நாம். நீருயரம் என்றால் தொட்டிக்குள் எத்தனை அடி தண்ணீர் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். தொட்டிக்குக் கீழே குழாய் இறங்கும் உயரம் அவர் கணக்கில் வராது. உங்கள் ஷவருக்கு அந்த இரண்டரை மீட்டர்தானே உயிர்? பம்புக்கு ‘ஏற்றுயரம்’, மேல்நிலைத் தொட்டிக்கு ‘இறங்குயரம்’ என்று பிரித்துவிடுங்கள். கிணற்றடியில் ஏற்றம் இறைத்த ஊருக்கு இது புரியும்.

உந்துபம்பு எனக்குச் சம்மதம்.

*

அம்மா, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். பெர்னூலி எழுதுபவர்களுக்கு நீருயரம் இருக்கட்டும். சங்கத்துக்கு எழுதும் பக்கத்தில் இறங்குயரம் என்றே போட்டுவிட்டேன்.

நேற்று பிளம்பர் வந்தார். தொட்டி மேடையை உயர்த்துவதற்குப் பதில், மூன்றாம் மாடிக்கு மட்டும் தனிக்குழாய் பிரித்து அதில் சின்ன பம்ப் வைக்கலாம் என்றார். கீழ்வீடுகளுக்கு அது தேவையே இல்லை. பேச்சுவாக்கில் அவரிடம் “இறங்குயரம் போதவில்லை, அதுதானே?” என்று கேட்டுப் பார்த்தேன். ஒரு நொடி யோசித்தார்.

“இறக்கம் பத்தலைன்னு சொல்லுங்க சார்” என்றார்.

பக்கத்தை இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. ‘இறக்கம்’ என்றே மாற்றிவிடலாமா?